பூச்சியம் நாலு

கச்சான் அடிக்கும் ஆடியில்
ஈரக்குமிழின் திரி என் சொல் கேட்பதில்லை.
ஊற்றிய தண்ணீரை மேற்குக் காற்று குடித்துவிட்டுப் போகும்.
உலர்குமிழ் முப்பத்தாறு, ஈரக்குமிழ் இருபத்துநாலு.
அட்டவணையில் விரலை ஓட்டி
காற்றில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று
கொழும்புக்குச் சொல்வது என் வேலை.

எவ்வளவு தூரம் தெரிகிறது என்று சொல்வதும்.
அதற்குக் கருவி இல்லை, கண்தான்.
முதலில் தண்ணீர்த் தாங்கி, அப்பால் கல்லடிப் பாலம்,
வாவிக்குள் மாந்தீவு.
மாந்தீவின் மரங்கள் தனித்தனியாய்த் தெரிந்தால்
அன்றைக்கு எனக்குக் குறையில்லை.

அவன் பெற்றோல் செட்டில் நிற்கிறான்,
அறுபத்திரண்டாம் பாகையில்.
நான் ஏழில்.
எனக்கு முற்பகல் பதினொன்றரை என்றால் அவனுக்கு நடுச்சாமம்,
சரியாக இருட்டாத நடுச்சாமம்.
கலியாணம் எழுதி நாலு வருடம்.
என் பைல் ஏதோ ஒரு மேசையில்,
யாரோ ஒருவரின் தேநீர்க் கோப்பைக்குக் கீழே.
பேச்சு முடிந்துபோகிற நேரங்களில்
வானிலை கேட்போம்.

"அங்க எப்பிடிகா?"
"கச்சான்."
"இங்கயும் முப்பது. குளிர் நாடெண்டு ஆர் சொன்ன?"

போன கிழமை, புகை என்றான்.
காடு எரியுது, ஐம்பது கிலோமீற்றருக்கு அங்கால, பயமில்லை.
பிறகு முப்பது.
நான் காற்றின் திசை கேட்டேன்.
"காத்தெண்டா காத்து. எனக்கென்ன தெரியும்?"
கொடிக்கம்பத்தைப் பார் என்றேன்.
படம் அனுப்பினான். கொடி கிழக்கே இழுபட்டு நின்றது.
மேல்காற்று.
அங்கேயும்
காட்டை உரசிக்கொண்டுதான் வருகிறது.

நேற்று ஊரையே எழுப்பிவிட்டார்கள்.
தெற்கே போக ஒரே ஒரு தெரு.
போகிற கார் எல்லாம் முதலில் அவனிடம் வரும்.
நாய்கள், மெத்தைகள், ஒரு தையல் மெசின்,
மீன்தொட்டியை மடியில் பிடித்தபடி ஒரு பிள்ளை.
"நீ எப்ப போற?"
"தாங்கி முடியட்டும்."

தூரத்தில் என்ன தெரியுது, சொல்லு என்றேன்.
"ரோட்டுக்கு அங்கால சேர்ச்."
மறுபடி எடுத்தபோது,
"வரிசையில மூண்டாவது கார்."
மறுபடி,
"நாலாம் பம்ப்.
சூரியன் செவ்விளநீர் மாதிரி. பாக்கலாம், கண் கூசாது.
மறுகா எடுக்கிறன்."

எடுக்கவில்லை.

நிகழ்கால வானிலைக்கு எங்களிடம் நூறு எண்கள்.
பூச்சியம் நாலு என்றால் புகை.
கைநூலில் காட்டுத்தீ, ஆலை, எரிமலை என்று போட்டிருக்கும்.
பதினொரு வருடத்தில் ஒரே தடவைதான் எழுதினேன்,
வவுணதீவில் வைக்கோல் எரித்த ஓர் ஆவணி மாலை.
அதற்கே கொழும்பிலிருந்து போன்:
"மிஸ், ஷுவரா?"

பதினொன்றரைக்கு வெளியே வந்தேன்.
மாந்தீவின் மரங்கள், எண்ணச் சொன்னால் எண்ணலாம்.
வானம் கழுவி வைத்த பீங்கான்.
பத்துக் கிலோமீற்றர் என்று எழுதினேன்.
அடுத்த கட்டத்தைப் பார்த்தால்
பூச்சியம் நாலு.
என் கையெழுத்துத்தான்.

பிழையை அழிக்கக் கூடாது என்பது விதி.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் முதலெழுத்து.
கீழே இருப்பது பிறகும் வாசிக்கக் கிடக்க வேண்டும்.
கோடு போட்டேன். சரியான எண்ணை எழுதினேன்.
இரண்டு நிமிடம் பிந்தி அனுப்பினேன்.

திரிக்குத் தண்ணீர் விடும்போது போன் அதிர்ந்தது.
குரல் பதிவு, ஆறு செக்கன், இருமலோடு:
"ஓடுறன். முன்னால போற காரிட சிவப்பு லைட் தெரியுது.
அவ்வளவுதான் தெரியுது."

நூறு மீற்றருக்குக் குறைந்ததெல்லாம் எங்களுக்கு ஒரே எண்.
அதற்குள் எத்தனை கார், எத்தனை வளைவு என்று
படிவம் கேட்காது.

அத விடாத, என்று அனுப்பினேன்.
அடுத்த பதிவு இரண்டரைக்கு.
திரி அதற்குள் இரண்டு தடவை காயும்.